மின்விசிறி ஓடாத வீடு

பாக்தாதில் அரசு மின்சாரம் நின்றுபோன நண்பகலில், மின்பணியாளன் ஃபாரிஸ் பழைய வீட்டின் சுவரைப் பிளந்து, நைந்த கம்பியை வெளியே இழுத்தான்.

"அக்கா, ரொட்டி அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. தெரு ஜெனரேட்டரையாவது போடச் சொல்லுங்க. ஃபேன் சுத்தட்டும்."

"முடியாது தம்பி. அந்த லைனையும் கழட்டச் சொல்லிட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டேன்" என்றாள் அந்த வீட்டில் இருக்கும் நஜாத்.

"இவ்வளவு கஞ்சத்தனமா? அது வேற கம்பி, இது வேற கம்பி!"

"இந்தச் சுவருக்குள்ள ரெண்டும் ஒட்டிக்கிட்டிருக்கு."

"எந்த மிஸ்திரி சொன்னான்?"

"என் வீட்டுக்காரரும் மிஸ்திரியா இருந்தவர்தான். போன வருஷம் இதே இடத்துல, இதே மாதிரி வேர்த்துக் கொட்ட வேலை பார்த்தார். பாவமேன்னு, ஜன்னல்ல நின்னு ஜெனரேட்டரைப் போடச் சொல்லிக் கத்தினவ நான்தான்."

ஃபாரிஸ் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக் கம்பியை இழுத்தான். நஜாத் ஈச்ச ஓலை விசிறியை எடுத்து, அவனுக்கு வீசத் தொடங்கினாள்.