ஒரு ‘ங்க’ போட்டா என்னவாம்?

துடியலூர் மண்டபத்து வாசல்ல மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்னுது. கும்பிட்டு வரவேற்க வேண்டிய பொண்ணோட அப்பாவைத்தான் காணோம்.

நிச்சயதார்த்தத்தன்னைக்கு இப்படியா? பொண்ணோட அம்மா அம்புஜத்துக்கு முகத்தை எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னு தெரியலை.

காலையில போன் வந்துச்சு. சரவணம்பட்டிக்கு அந்தப் பக்கம் அம்மோனியா டேங்கர் கவுந்து, வாயு கசியுதாம். இந்த மாதிரி லாரி எங்க கவுந்தாலும் ஓடிப்போற உதவிக் குழுவுல அவ வீட்டுக்காரர் லட்சுமிநாராயணனும் ஒருத்தர். கட்டின பட்டு வேட்டியோட கிளம்பிப் போனவர்தான்.

“இன்னைக்கு ஒருநாள் வேற ஆளை அனுப்பினா ஆகாதா?”ன்னு சொந்தக்காரங்க அவ காதுபடவே பேசினாங்க. பொண்ணு சைத்ரா வாசலையே பார்த்துட்டு இருந்தா.

மாப்பிள்ளையோட அப்பா திருமலைசாமி வேனை விட்டு இறங்கும்போதே கொதிச்சுட்டு இருந்தார். கருமத்தம்பட்டியில இருந்து வர்ற வழியில, மஞ்சக் கோட்டும் முகமூடியும் மாட்டின ஒருத்தன் வேனுக்குக் குறுக்க வந்து, “கண்ணாடியத் திறக்காத. வண்டியத் திருப்பு, ஓடு”ன்னு மைக்குல கத்தினானாம்.

“சீர்த்தட்டோட உக்காந்திருக்கோம், கண்ணு தெரியலீங்களா அவனுக்கு? அப்புறம் சுத்து வழியில கண்ணாடியை இறக்கி ‘ஏனுங்க’ன்னு கேட்டா, ரோட்டுல போறவங்கெல்லாம் எத்தனை மரியாதையா வழி சொல்றாங்க! என் வயசுக்கு ஒரு ‘ங்க’ போட்டா அவன் வாய் தேஞ்சா போயிரும்?”

அம்புஜம் என்னவோ சொல்ல வாயெடுத்தா. அவர் விட்டாத்தானே?

“ரோட்டுலதான் மரியாதை இல்லைன்னா, இங்க வாசல்லயும் சம்பந்தியைக் காணோம். இப்படியே திரும்பிப் போயிரலாமான்னு இருக்குதுங்க.”

சைத்ராவுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

அப்பத்தான் லட்சுமிநாராயணன் அரக்கப்பரக்க உள்ள வந்தார். பட்டு வேட்டி கசங்கி, கண்ணெல்லாம் சிவந்து, ரெண்டு கன்னத்துலயும் முகமூடி அழுத்தின தடம். கிட்ட வரும்போதே அம்மோனியா நெடி அடிச்சுது.

திருமலைசாமி அந்தத் தடத்தையே பார்த்தார்.

“அந்த ஆளு... நீங்களா?”

“நானேதானுங்க. சீர்த்தட்டைப் பார்த்ததுமே நம்ம வண்டின்னு தெரிஞ்சுபோச்சுங்க.”

“தெரிஞ்சுமா அப்படிக் கத்துனீங்க?”

லட்சுமிநாராயணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

“மன்னிச்சுக்குங்க சம்பந்தி. நான் ‘ங்க’ போட்டு மரியாதையாச் சொல்லியிருந்தா, நீங்களும் மரியாதையாக் கண்ணாடியை இறக்கி, ‘ஏனுங்க, என்னாச்சுங்க’ன்னு கேட்டிருப்பீங்களே.”