கிணற்றடிக்கு எட்டு முழம்

காலை வெயில் முகமாலைக் கிராமத்து மணலில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. சிவப்புத் தலைக் கட்டைகள் வரிசையாக நிற்கின்றன. இந்தப் பக்கம் நாங்கள் கண்ணிவெடி அகற்றிய நிலம், அந்தப் பக்கம் அகற்றாதது. அங்கே எட்டு முழம் தள்ளி ஓர் உடைந்த கிணற்றுக்கட்டு. அது போரில் இடம்பெயர்ந்த கமலாவதி அக்காவினுடையது. நாங்கள் முழங்காலில் நின்று மண்ணைக் கிளறி, கட்டைகளை ஒவ்வொரு முழமாக முன்னே நகர்த்துவதைப் பார்க்கவே அவர் மானிப்பாயிலிருந்து பஸ் ஏறி வருகிறார். இன்று கையில் ஒரு தென்னம்பிள்ளை. மேற்பார்வையாளர் மயூரதன் போனைச் சட்டைப்பையில் போடுகிறார். "வேலையை நிப்பாட்டட்டாம். அமெரிக்காவிலை புது அரசாங்கம். தங்கடை நாடுதான் முதலாம், வெளிநாட்டுக்குக் குடுக்கிற உதவியெல்லாம் மறிச்சாச்சாம். எங்கடை சம்பளக் காசும் அதிலைதானே." வெடி தேடும் கருவிகள் சத்தமில்லாமல் வேலியில் தொங்குகின்றன. "எட்டு முழந்தானே தம்பி? என்ரை கிணத்தோடை அவங்களுக்கு என்ன கோவம்?" என்று அக்கா என்னைக் கேட்கிறார். "கோவமில்லையக்கா. உங்கடை கிணத்தை அவங்களுக்குத் தெரியாது." "தெரிஞ்சவங்கள்தானே வெடியைத் தாட்டவங்கள்," என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாள் பிடுங்க வேண்டும் என்பதால் கட்டைகளை எப்போதும் மேலாகத்தான் ஊன்றுவோம். இன்று, மழைக்கும் மாட்டுக்கும் சரியாதபடி ஆழமாக இறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை வருடத்துக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. சுத்தியலைத் தூக்குகிறேன். கட்டை மணலில் சாய்கிறது. அக்கா தென்னம்பிள்ளையைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி, இரண்டு கையாலும் கட்டையை நேராகப் பிடிக்கிறார். "அடியும் தம்பி," என்கிறார்.