எறும்பு வராத அலமாரி

சமையலறை அலமாரியில் ஒரே எறும்புத் தொல்லை. “என்னை மாட்டுங்க, ஒண்ணுகூட உள்ளே வராது” என்றது பூட்டு. டப்பாக்கள் சம்மதித்தன.

மறுநாளும் கதவிடுக்கு வழியாக எறும்புகள் வந்தன.

“உள்ளே இருக்கிற யாரோதான் கூப்பிட்டிருக்காங்க” என்றது பூட்டு. எல்லாம் சர்க்கரை டப்பாவைப் பார்த்தன. பூட்டு ஒரு நிமிடம் திறந்துகொடுத்தது. சர்க்கரையைக் கீழே தள்ளிவிட்டன. தன்னை எறும்பு சீண்டாது என்ற தைரியத்தில் உப்பு ஜாடிதான் பலமாக மூடியைத் தட்டி ஆரவாரம் செய்தது.

அடுத்து வெல்லம் போனது. அப்புறம் தேன், அவல், கடலைமாவு. எறும்பு வருவது அடியோடு நின்றது.

மிச்சமிருந்த உப்பு ஜாடி கேட்டது: “அண்ணே, இப்பதான் எறும்பே இல்லையே. கதவைத் திறந்து வைக்கலாமா?”

பூட்டு அதை முதன்முறையாக உற்றுப் பார்த்தது.

“ஆமா, உன்னை மட்டும் ஒரு எறும்புகூடத் தொட்டதில்லையே, ஏன்?”