கடைசியில் வந்த முத்திரை

சீனத்து எழுத்துக்கலைஞர் ஒருவரின் மேசையில் ஒரு தூரிகையும் ஒரு மைக்கட்டியும் அவர் பெயர் செதுக்கிய ஒரு கல் முத்திரையும் இருந்தன.

அன்று காலையிலிருந்து மைக்கட்டி தண்ணீர் விட்ட கல்லில் தேய்ந்து தேய்ந்து பாதியாகிவிட்டது. தூரிகை ஒன்பது தாள்களைக் கெடுத்து, பத்தாவதில்தான் நான்கு எழுத்துகளை மனநிறைவோடு எழுதி முடித்தது. முத்திரை மட்டும் பட்டு விரித்த பெட்டியில் படுத்துக் கிடந்தது.

"என்ன, முடிஞ்சுதா?" என்று கொட்டாவி விட்டது முத்திரை. "நான் வந்து உட்கார்ந்தால்தானே இது யார் எழுதினதுன்னு ஊருக்குத் தெரியும்? உங்க பேர் அதிலே எங்கேயாவது இருக்கா?"

"இல்லைங்க," என்றது தூரிகை. "உங்களுக்குன்னு ஓரத்திலே இடம் விட்டு வெச்சிருக்கோம், வாங்க."

முத்திரை செஞ்சாந்தைப் பூசிக்கொண்டு, கலைஞரின் கையில் ஏறி வந்து, தாளின் ஓரத்தில் அழுத்தமாக உட்கார்ந்து எழுந்தது.

"ஐயையோ!" என்று கலைஞர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெயர் தலைகீழாக விழுந்திருந்தது.

மைக்கட்டிக்கு அழுகையே வந்துவிட்டது. தூரிகை பதினோராவது தாளுக்குத் தயாரானது.

முத்திரை தாளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது.

"ஆமாம், இந்த நாலு எழுத்தையும் தலைகீழா எழுதி வெச்சது யாரு?" என்று கேட்டது.