உள்ளூர்ச் சிங்கம்

"உங்க கையாலேயே உங்க பொண்ணு குடும்பத்தைக் கவுத்துட்டீங்களேப்பா!"

பேத்தியைப் பார்க்க ஆசையாக வந்த அப்பாவுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை அவள்.

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கட்டிலில் கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ளை இன்னும் வரலையா?"

"எப்படி வருவார்? கிளப் கமிட்டி கூப்பிட்டு உட்கார வச்சிருக்கே. வேலை இருக்கா, போச்சான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும். வேலை போனா வீடும் போச்சு. கிளப் குடுத்த வீடு. மூணு மாசக் கைக்குழந்தையைத் தூக்கிட்டு நான் எங்கே போய் நிக்கிறது?"

அவள் கணவன் கால்பந்து அணியின் பயிற்சியாளர். அப்பா, அதே லீக்கில் எந்த அணி எந்த ஊரில் என்றைக்கு ஆட வேண்டும் என்று அட்டவணை போடுகிறவர்.

இந்த சீசனில் அணி சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. வெளியூர் போனதில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. பயிற்சியாளருக்கு 'உள்ளூர்ச் சிங்கம்' என்று ஒரு பத்திரிகைக்காரன் பேர் வைத்தான். இப்போது காய்கறிக் கடையில்கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் அவளுக்குக் காய் நிறுக்கிறார்கள்.

"ஒவ்வொரு டீமோடயும் ஒரே ஒரு மேட்ச்தான். அது இங்கேயா, அங்கேயாங்கிறது உங்க கையில. உள்ளூர்ல அவருக்கு யாரைக் குடுத்தீங்க? அத்தனையும் நோஞ்சான் டீம். நானே இடுப்புல குழந்தையோட இறங்கியிருந்தா ஒரு கோல் போட்டிருப்பேன்."

"கேட்டியா குட்டி? உங்கம்மா கோல் போடுவாளாம்!" என்றார் அப்பா, பேத்தியிடம்.

"சிரிக்காதீங்கப்பா. வெளியூர்ல யாரைக் குடுத்தீங்க? போன வருஷம் கோப்பை வாங்கினவன், அதுக்கு முந்தின வருஷம் வாங்கினவன், வாங்காம விட்டதுக்கு வெறியோட காத்திருக்கிறவன்! விடிய விடிய பஸ்ல போய் இறங்கி, அவங்க ஊர்ல, அவங்க கூட்டத்தோட கூச்சலுக்கு நடுவுல. அதுவும் வாராவாரம். எந்த டீம் தாங்கும்?"

அப்பா குழந்தையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தார்.

"ஊர் உங்களைத் தலையில தூக்கி வச்சு ஆடுது. 'சொந்த மாப்பிள்ளைன்னுகூடப் பார்க்காத நேர்மையாளர்'னு போன வாரம் மேடையேத்திக் கைதட்டினாங்களே, நல்லா இருந்துச்சா?"

"கூச்சமாத்தான் இருந்துச்சு."

"இருக்காதா பின்னே! லீக் ஆபீஸ் கிளார்க்கோட சம்சாரம் காலையில எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. முதல்ல நீங்க போட்டது இந்த அட்டவணை இல்லையாமே. பலமான டீம், பலவீனமான டீம் எல்லாம் கலந்துதான் இருந்துச்சாமே. அப்புறம் மாத்தினீங்களாமே. உண்மையா?"

"உண்மைதான்."

"யாருக்காக?"

"ஒருத்தங்க கேட்டாங்க. அழுதாங்க. மனசு கேக்கலை."

"யாரோ அழுதா உருகிடுவீங்க. பெத்த பொண்ணு அழுதா தெரியாது! யாருப்பா அது?"

"விடும்மா."

"விட மாட்டேன். தன் வீட்டுச் சௌகரியத்துக்காக அடுத்தவங்க பிழைப்புல மண்ணைப் போட்டிருக்காங்க. அவங்க வாசல்ல போய் நின்னு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கிறேன்."

அப்பா குழந்தையின் வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

கதவு திறந்தது. அவள் கணவன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வேலை போகலை" என்றான். "சின்னப் பசங்களுக்குப் பயிற்சி குடுக்க மாத்திட்டாங்க. வீடு இருக்கும். சம்பளம் பாதி."

"பாதியா? அட்டவணைதான் காரணம்னு சொன்னீங்களா, இல்லையா?"

"கிளப் தலைவரே எடுத்துக் குடுத்தார். 'அட்டவணையில கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லு. லீக்ல புகார் குடுத்துட்டு உன்னையே வச்சுக்கிறோம்'னார்."

"சொன்னீங்களா?"

"என் தப்புதான்னு சொல்லிட்டேன்."

"நல்ல மாமனார், நல்ல மருமகன்! ரெண்டு பேரும் தியாகி ஆகுங்க, நானும் குழந்தையும் பட்டினி கிடக்கிறோம்." போனை எடுத்தாள். "தலைவர்கிட்ட நானே பேசுறேன். யாருக்காக மாத்தினாங்கன்னு விசாரணை வைக்கட்டும். அந்த மகராசி யாருன்னு ஊருக்கே தெரியட்டும்!"

"வேணாம்மா, வேணாம்!" அப்பா குழந்தையோடு எழுந்துவிட்டார்.

கணவன் அவள் கையைப் பிடித்தான்.

"விடுங்க. ஏன் இப்படித் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிக்கிறீங்க ரெண்டு பேரும்?"

அவன் மாமனாரைப் பார்த்தான். அவர் சொல்லாதே என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"இல்லை மாமா, இவ இப்ப போன் பண்ணிடுவா" என்றவன், அவள் பக்கம் திரும்பினான். "அப்போ உனக்கு எட்டாம் மாசம். 'வலி வர்ற நேரத்துல இவர் எந்த ஊர் பஸ்ல இருப்பாரோ, பயமா இருக்குப்பா'ன்னு அப்பாகிட்ட அழுதியே."

"அழுதேன். தேதியைத்தானே மாத்தச் சொன்னேன்?"

"தேதி மட்டும் தனியா மாறாதும்மா" என்றார் அப்பா, மெதுவாக. "உன் பிரசவ மாசம் முழுக்க மாப்பிள்ளை இங்கே இருக்கணும்னா, யாராவது இங்கே வந்து ஆடணும். நோஞ்சான் டீம்தான் வர ஒத்துக்கிட்டாங்க. பெரிய டீம்காரங்க அத்தனை பேரும், அப்புறமா எங்க ஊருக்கு நீங்க வாங்கன்னுட்டாங்க."

போன் அவள் கையிலேயே இருந்தது. எண்ணை அழுத்த வேண்டிய விரல் மட்டும் அசையவில்லை.

கணவன் அதை மெல்ல வாங்கி மேசைமேல் வைத்தான்.

"சின்னப் பசங்களுக்கு வெளியூர் ஆட்டமே கிடையாது" என்றான். "நீ ஒரு மாசம்தான் கேட்டே. கமிட்டி நிரந்தரமாவே குடுத்துடுச்சு."