செவ்வாய்க்கிழமை ஜெபமாலை

ஜெபமாலையை எங்கே பிடிப்பது என்பது மறந்துபோய் அதில் தொங்கிய சிலுவையைப் பிடித்துக்கொண்டான்.

அங்கிருந்துதான் தொடங்க வேண்டுமாம். அதிர்ஷ்டம்.

மனைவி கட்டிலில் சாய்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. கை கொஞ்சம் திரும்பி வந்தது.

பேச்சு வரவில்லை.

“அவங்களுக்கு ரொம்பப் பழகினத காதுல போட்டுக்கிட்டே இருங்க சார். என்னைக்காவது வாயில வரும்,” என்றிருந்தார் டாக்டர்.

பழகியது என்றால் இதுதான். கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலமானால் ஜெபமாலை. ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, இன்னொருவர் மறுபாதியைச் சொல்ல வேண்டிய ஜெபம். இந்த வீட்டில் இரண்டையும் அவளே சொல்லிக்கொள்வாள். அவன் முன்னறையில் டிவி சத்தத்தைக் கூட்டுவான்.

அவள் மாதா அவளுக்கு, அவன் முருகன் அவனுக்கு. சண்டை கிடையாது. எட்டிப் பார்த்ததும் கிடையாது.

இப்போது நினைத்தால் வெட்கமாக இருந்தது.

அதனால்தான் மாதா கோயிலில், புதுநன்மை என்று முதல்முறை அப்பம் வாங்கப்போகும் சின்னப் பிள்ளைகளோடு மறைக்கல்வி வகுப்பில் போய் உட்கார்ந்தான். பெஞ்சு சின்னது. முழங்கால் இடித்தது.

“ஞானஸ்நானம் வாங்கப்போறீங்களா?” சிஸ்டர் ஆசையாகக் கேட்டார்.

“இல்ல சிஸ்டர். வீட்ல முதல் பாதி சொல்ல ஆள் வேணும். அவ்வளவுதான்.”

சிஸ்டர் அதற்குமேல் கேட்கவில்லை. சொல்லிக்கொடுத்தார். மாதாவும் மகனும் வாழ்ந்ததைத் தேவ இரகசியம் என்று கிழமைக்கு ஒரு விதமாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் சந்தோஷம், ஒரு நாள் துக்கம், மகிமை, ஒளி. ஜெபம் சீக்கிரமே மனப்பாடமாகிவிட்டது. கிழமைதான் காலை வாரியது.

இப்போது கட்டிலருகே சிலுவையைப் பிடித்தபடி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“சந்தோஷ தேவ இரகசியம். முதலாவது...”

அவள் திரும்பினாள்.

நெற்றி சுருங்கியது. சொத்தைக் கத்திரிக்காய் வாங்கிவந்தால் பார்க்கும் அதே பார்வை. எத்தனை மாதமாயிற்று அதைப் பார்த்து.

உதடு கோணியது. எதையோ தேடியது.

“து...”

அவன் கிட்டே குனிந்தான்.

“துக்கம்.”

காலண்டரைப் பார்த்தான். செவ்வாய். துக்கத்துக்கான நாள்.

“துக்கம்,” என்றாள் மறுபடியும். இந்த முறை அதட்டலாக.

அந்த வார்த்தையைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் ஊரில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, ஒழுங்காகத் துக்கத்திலிருந்து தொடங்கினான். முதல் பாதியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தான். அவள் உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை.

பரவாயில்லை. மறுபாதியையும் அவனே சொன்னான்.

நாளை புதன். புதனென்றால் மகிமை. அதில் இனி அவனுக்குக் குழப்பமே இல்லை.

நாளைக்குத் துக்கம் என்று தப்பாகத் தொடங்கலாமா, சந்தோஷம் என்று தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டே எழுந்துபோய் விளக்கைப் போட்டான்.