நாலாவது மாடிக் கயிறு

"அந்தக் கயிறு இருக்கக் கூடாது. இன்னைக்கே எடுத்துடணும்" என்றார் வக்கீலம்மா.

செக்ரட்டரி முகத்தில் பல்பு எரிந்தது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு அவர்தான் பேசி வரவழைத்த வக்கீல். அடுக்குமாடிச் சண்டைகளை மட்டும்தான் எடுப்பார். விதியைத் தவிர வேறு எதுவும் பேச மாட்டார் என்று பேர். இரக்கம் கிரக்கம் எல்லாம் கிடையாது.

விஷயம் இதுதான். நாலாவது மாடிக் கடைசி வீட்டில் தனியாக இருக்கும் அக்காவுக்குக் கண் தெரியாது. வாசலிலிருந்து லிஃப்ட் வரைக்கும், வராந்தா நடுவில், இடுப்பு உயரத்துக்கு ஒரு நீல நைலான் கயிறு கட்டியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போவார்.

"துணி காயப்போடற இடம் மாதிரி இருக்கு மேடம். வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் சிரிக்கிறாங்க" என்றார் செக்ரட்டரி.

"கோல் வச்சுக்கிட்டு நடக்க வேண்டியதுதானே?" என்று பின்னாலிருந்து ஒருத்தர்.

"நடந்தேனே சார். கோல் பட்டு ஏதோ உடைஞ்சுதுன்னு சண்டைக்கு வந்தீங்க. அப்புறம்தான் கயிறு" என்றார் அக்கா. "போன்ல புகார் கேக்கறதுதான் என் உத்தியோகம். நாள் முழுக்கக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்தா இங்கயும் புகார். இதுக்குச் சம்பளமும் கிடையாது."

யாரும் சிரிக்கலை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அண்ணன் முணுமுணுத்தார். "கயிறு போச்சுன்னா பெட்டியைக் கட்டு. நம்ம வீட்டுக்குப் போயிடலாம். தனியா இருந்து என்ன கிழிக்கப் போற?"

"வந்து? உக்கார வச்ச இடத்துல உக்காந்திருக்கணும். நான் வரல அண்ணா." ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஒரு கயிறை எடுத்து யாருக்கு என்ன ஆகப்போகுது என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் இல்லை.

வக்கீலம்மா எழுந்து நொண்டிக்கொண்டே முன்னால் வந்தார்.

"கால்ல என்ன மேடம்?"

"இடிச்சுக்கிட்டேன். அதை விடுங்க. பொது வழியில யாரும் சொந்தப் பொருள் எதையும் வைக்கக் கூடாது. இதான் உங்க விதி. சம்மதம்னா கை தூக்குங்க."

எல்லாக் கையும் மேலே போனது. செக்ரட்டரி ரெண்டு கையையும் தூக்கினார்.

"பாவம் பார்த்து யாருக்காவது விலக்கு குடுக்கணுமா?"

"ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. யாருக்கும் கிடையாது மேடம்!" என்றார் செக்ரட்டரி.

"அப்ப வாங்க, மேல போவோம்."

நாலாவது மாடியில் முடிச்சை வக்கீலம்மாவே அவிழ்த்தார். கயிறைச் சுருட்டி அக்கா கையில் கொடுத்தார்.

"பெட்டி கட்டில் அடியிலதானே இருக்கு?" என்றார் அண்ணன்.

வக்கீலம்மா திரும்பினார். "இந்தச் செருப்பு ஸ்டாண்டு யாரோடது?"

"எங்களோடதுதான். ஏன் மேடம்?" என்றார் பொருளாளர்.

"உள்ள எடுத்து வைங்க."

"செருப்பு ஸ்டாண்டையா? அது எப்பவும் இங்கதானே..."

"இப்பத்தானே கை தூக்கினீங்க?"

ஸ்டாண்டு உள்ளே போனது. அடுத்து ஒரு சைக்கிள். அதற்கடுத்து, வீட்டுக்குள் இடமில்லை என்று ஒருத்தர் வெளியே தள்ளி வைத்திருந்த ஓடாத ஃபிரிட்ஜ். அதை மூணு பேர் மூச்சு வாங்க இழுத்தார்கள். செக்ரட்டரி மட்டும் தன் பூந்தொட்டிகளுக்கு முன்னால் குறுக்கே நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், செடி... ஒரு அழகுக்கு..."

"யாருக்கும் விலக்கு கிடையாதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

கடைசித் தொட்டியும் போனது. அந்த வராந்தா அவ்வளவு அகலம் என்று எல்லாருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கோடியிலிருந்த ஜன்னல் வெளிச்சம் எதிலும் முட்டாமல் லிஃப்ட் கதவு வரைக்கும் போய் விழுந்தது.

"சுவத்துல கையை வைங்கம்மா. வச்சுட்டு நடங்க" என்றார் வக்கீலம்மா.

அக்கா ஒரு அடி வைத்தார். இப்போ இடிக்கும் என்று உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்தது. இடிக்கவில்லை. இன்னொரு அடி. சுவர், கதவு, சுவர், கதவு என்று விரல் தொட்டுக்கொண்டே போனது. பாதி வழியில் நடை வேகமானது. கடைசியில் கிட்டத்தட்ட ஓட்டம்.

மற்றவர்கள் அவரவர் வாசலில் பேயறைந்த மாதிரி நின்றார்கள்.

அக்கா தடவிப் பார்த்து லிஃப்ட் பட்டனை அழுத்தினார். திரும்பி நின்று சத்தமாகச் சிரித்தார்.

"அண்ணா, நீ கிளம்பு. லிஃப்ட் வந்துடுச்சு."

செக்ரட்டரிக்கு வாய் மூட நேரமானது. "மேடம்... கயிறே தேவையில்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வக்கீலம்மா குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"கூட்டத்துக்கு முன்னாடி, கண்ணை மூடிக்கிட்டு, சுவத்தைத் தொட்டுக்கிட்டே இதே வழியில நடந்து பார்த்தேன் சார். உங்க தொட்டி வரைக்கும்தான் வர முடிஞ்சுது."